ஒட்டாத இரண்டும் ஒரு தாளும்

விடுமுறை நெருங்கினால் "வீட்டில் பிள்ளைகளோடு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி இந்தப் பகுதிக்குத் தவறாமல் வரும். இம்முறை எல்லாரும் ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டார்கள்: தண்ணீர், எண்ணெய், வண்ணம் மூன்றையும் வைத்துச் செய்யும் மார்பிள் தாள். பெரும்பாலான கேள்விகள் சிங்கப்பூர்த் தோ பாயோக்காரர்களுடையவை. இதோ பதில்கள்.

இல்லத்தரசி, லோரோங் 1
கேள்வி: மார்பிள் தாள் என்றால் என்ன? ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

பதில்: பழைய கணக்குப் பேரேட்டின் அட்டையைத் திறந்தால் உள்பக்கம் சிவப்பும் நீலமும் அலையலையாய் ஓடுமே, அதுதான். தண்ணீரின் மேல் வண்ணத்தை மிதக்கவிட்டு, அதன் மேல் தாளைப் படுக்கவைத்து எடுத்தால் மிதந்த கோலம் அப்படியே தாளுக்கு வந்துவிடும். வரைவது தண்ணீரில், கிடைப்பது தாளில்.

இரு பிள்ளைகளின் அப்பா, லோரோங் 4
கேள்வி: வேலை முடிந்து வீடு திரும்பினால் எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். சாமான் என்ன, செய்முறை என்ன?

பதில்: ஒரு மணி நேரம் போதும்.

சாமான்: அலுமினியத் தட்டு ஒன்று, ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் பெயின்ட் இரண்டு நிறம், டர்பன்டைன் கொஞ்சம், மூடியுள்ள கண்ணாடிக் குப்பி இரண்டு, பல்குத்தும் குச்சி, பழைய செய்தித்தாள், வரைதாள், கையுறை.

செய்முறை: தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். குப்பியில் பட்டாணி அளவு பெயின்டைப் பிதுக்கி, டர்பன்டைனைச் சொட்டுச் சொட்டாய் விட்டு நீர்மோர் பதத்துக்குக் கலக்குங்கள். செய்தித்தாளைப் பட்டையாய்க் கிழித்து, தண்ணீரின் மேற்பரப்பை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இழுத்துத் துடையுங்கள். அவசரத்தில் இதை விட்டுவிட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத தூசியும் பிசுக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

இனி வண்ணத்தைக் குச்சியால் சொட்டுங்கள். சொட்டு அடியில் போய் விழுந்தால் கலவை கெட்டி, டர்பன்டைன் சேருங்கள். விரிந்து மறைந்துவிட்டால் நீர்த்துவிட்டது, பெயின்ட் சேருங்கள். வட்டமாய் விரிந்து நிறத்தோடு நின்றால் பதம் சரி. குச்சியால் மெல்ல இழுத்துக் கோலமிடுங்கள். தாளை எதிரெதிர் மூலைகளில் பிடித்து, நடுப்பகுதி முதலில் தண்ணீரைத் தொடும்படி இறக்குங்கள். பத்து எண்ணிவிட்டு ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குங்கள்.

தொடக்கநிலை 4 மாணவியின் அம்மா, லோரோங் 7
கேள்வி: டர்பன்டைன் எல்லாம் எதற்கு? சமையல் எண்ணெயும் கேசரிப் பவுடரும் போதாதா?

பதில்: வேடிக்கை பார்க்கப் போதும், தாளை வைத்துக்கொள்ளப் போதாது. சமையலறை நிறங்கள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெய்ப் படலத்தில் சொட்டிய நிறம் சிறு மணிகளாய் நின்று, பிறகு படலத்தைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள் புகையாய் இறங்கும். பார்க்க அழகு. ஆனால் தாளில் எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் ஒட்டாது, அந்த எண்ணெய் காயவும் காயாது. தேங்காய் எண்ணெயை ஒரு மாதம் வைத்தாலும் அது எண்ணெய்தான். ஓவியர்களின் பெயின்டில் இருப்பது ஆளிவிதை எண்ணெய். அது காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு கெட்டிப்பட்டு, நிறத்தைத் தாளோடு பூட்டிவிடும். எண்ணெயில் எந்த எண்ணெய் என்பதுதான் கேள்வி. பாப்பாவுக்கு அறிவியல் வேடிக்கை காட்டச் சமையல் எண்ணெயே நல்லது, ஆபத்தில்லாதது. அந்தத் தாளைப் பாடப் புத்தகத்துக்குள் மட்டும் வைக்கவிடாதீர்கள்.

பாலர் பள்ளி ஆசிரியை, தோ பாயோ சென்ட்ரல்
கேள்வி: ஐந்து வயதுப் பிள்ளைகள் கையில் எதைக் கொடுப்பது?

பதில்: ஷேவிங் நுரை. தட்டில் நுரையைப் பரப்பி, நீர்வண்ணத்தைச் சொட்டி, குச்சியால் சுழித்து, கெட்டி அட்டையை அழுத்தி எடுங்கள். மேலே ஒட்டிய நுரையை ஸ்கேலால் வழித்தால் கோலம் அட்டையில் நிற்கும். டர்பன்டைன் வேண்டாம், வாசனையும் பிரச்சினையில்லை. வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உயர்நிலை 2 மாணவர், லோரோங் 5
கேள்வி: எண்ணெய் மிதப்பது அது லேசானது என்பதால்தானே?

பதில்: பாதி விடை சொல்லிவிட்டீர்கள், தம்பி. சமையல் எண்ணெயின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய 0.92 மடங்கு, அதனால் மிதக்கிறது. ஆனால் மிதக்கும் எண்ணெய் ஏன் ஓடி விரிகிறது? தண்ணீரின் மூலக்கூறுகள் மேற்பரப்பில் ஒன்றையொன்று வலுவாய் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்த இழுவிசை சொட்டை எல்லாப் பக்கமும் இழுக்கிறது. பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டன் அருகே கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டார். அரை ஏக்கர் அளவுக்கு அலை அடங்கிப் போயிற்று. 1774இல் ராயல் சொசைட்டி அந்தச் சோதனையை வெளியிட்டது. கணக்குப் போடுங்கள்: 5 மில்லிலிட்டர் எண்ணெயைச் சுமார் 2,000 சதுர மீட்டரில் பரப்பினால் படலத்தின் கனம் 2.5 நானோமீட்டர். ஏறக்குறைய ஒற்றை மூலக்கூறு உயரம். அதைவிடக் கனமானாலும், மெல்லிய படலம் ஒன்றுதான் உங்கள் தட்டின் மேலும் கிடக்கிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வேலை நடப்பது மேற்பரப்பில்.

குடும்பத் தலைவி, லோரோங் 8
கேள்வி: பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவளுக்கு மேற்பரப்பு, மூலக்கூறு எல்லாம் எதற்கு?

பதில்: மேற்பரப்பு அறிவியலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்தான், அம்மா. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்து ஆக்னஸ் போக்கெல்ஸ், 1862இல் பிறந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம் அது. நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார். பிசுக்குத் தண்ணீரின் போக்கைக் கவனித்து, ஒரு தகரத் தொட்டி செய்தார். தகரப் பட்டை ஒன்றை மேற்பரப்பில் நகர்த்திப் பிசுக்கை ஒதுக்கினார். தராசில் ஒரு பொத்தானைத் தொங்கவிட்டு, அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்தார். தம் முடிவுகளை ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்குக் கடிதமாய் எழுத, அவர் அதை 1891இல் 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார். எழுபது வயதில் போக்கெல்ஸுக்குக் கௌரவ முனைவர் பட்டம் கிடைத்தது. மார்பிள் தட்டைச் செய்தித்தாள் பட்டையால் நீங்கள் இழுத்துத் துடைக்கும்போது செய்வது போக்கெல்ஸ் செய்த அதே வேலை. உங்கள் கண்ணில் பட்டதை நீங்களும் எழுதிவையுங்கள்.

பொறுமையிழந்த வாசகர், பிராடல்
கேள்வி: தட்டை நன்றாகத்தான் கழுவினேன். வண்ணம் விட்டதும் ஓரத்துக்கு ஓடிவிடுகிறதே?

பதில்: சோப்பு போட்டுக் கழுவியிருப்பீர்கள், அலசியது போதவில்லை. சோப்பு மேற்பரப்பின் இழுவிசையைக் குறைக்கும். சோப்பு இல்லாத பக்கம் வலுவாய் இழுக்க, வண்ணம் அந்தப் பக்கம் ஓடும். தட்டை வெறும் தண்ணீரில் மறுபடி மறுபடி அலசுங்கள். இந்தக் குறும்பையே துருக்கிக் கலைஞர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். மாட்டுப் பித்தநீரை அளந்து கலந்து, எந்த நிறம் எவ்வளவு விரிய வேண்டும் என்று அவர்கள் கட்டளையிடுகிறார்கள்.

சிற்றுண்டிப் பிரியர், லோரோங் 8
கேள்வி: கோலம் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தண்ணீரைக் கெட்டியாக்க அகர்-அகர் சேர்க்கலாமா?

பதில்: அகர்-அகரை இனிப்புக்கு வையுங்கள். ஆறினால் உறைந்துவிடும், உறைந்ததில் குச்சி ஓடாது. வேண்டியது குழைவு, உறைவு அல்ல. சுவர்த்தாள் ஒட்டும் செல்லுலோஸ் பசைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். துருக்கியில் டிராககந்த் பிசினும், ஐரோப்பாவில் கடற்பாசிச் சாறும் இதே வேலைக்குத்தான். மாவுக் கஞ்சியும் வேலை செய்யும், ஆனால் நம் ஊர் வெக்கையில் மறுநாளே புளித்து நாறும்.

ஓவியம் கற்பவர், பிஷான்
கேள்வி: ஆயில் பெயின்ட் வேண்டாம், அக்ரிலிக் போதும் என்றால்?

பதில்: குழைவான நீரில் அக்ரிலிக்கும் மிதக்கும். ஆனால் தாள் அதைப் பிடித்துக்கொள்ளப் படிகாரம் வேண்டும். தேக்காவில் மளிகைக் கடைகளில் கட்டியாய்க் கிடைக்கும், வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிற அதே படிகாரம். அரை லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டிப் பொடியைக் கரைத்து ஆறவிட்டு, தாளின் ஒரு பக்கம் பஞ்சால் தடவி உலர்த்துங்கள். தடவிய பக்கத்தைப் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள், காய்ந்தால் அடையாளம் தெரியாது. ஒரு செய்தி: படிகாரம் அமிலத்தன்மை உள்ளது. நிறையத் தடவினால் தாள் ஆண்டுகள் போகப் போகப் பழுத்து நொறுங்கும். பளபளப்புத் தாள் எந்த முறைக்கும் ஆகாது.

மருமகள், லோரோங் 2
கேள்வி: "டர்பன்டைனை வீட்டுக்குள் கொண்டுவராதே" என்கிறார் மாமியார். பழைய காலத்து மனுஷி, சொன்னால் கேட்பதில்லை.

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் முக்கால் பங்கு சரி. டர்பன்டைன் ஆவி எளிதில் தீப்பற்றும். அடுப்பும் சாமி விளக்கும் எரியும் நேரத்தில் குப்பியைத் திறக்கவே கூடாது. சன்னல்களைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பிவைத்துச் செய்யுங்கள். மாமியார்கூட அறியாத ஆபத்து ஒன்று உண்டு. ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைக் கசக்கிச் சுருட்டிப் போட்டால், ஆக்சிஜனோடு சேரும்போது எழும் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கலாம். துடைத்த துணியை விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் மூடிவையுங்கள். குப்பை போடும் குழாய்க்குள் ஒருபோதும் வீசாதீர்கள். மாமியாரை உட்காரவைத்துப் பாதுகாப்புப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். அதற்கு அவரைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார்.

அவரே மறுபடியும்
கேள்வி: அந்தத் தட்டில் பிறகு கேசரி கொட்டலாமா?

பதில்: கூடாது. வண்ணம் தொட்ட பாத்திரம் சோற்றைத் தொடக்கூடாது. சில நிறங்களில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் உண்டு. பிள்ளைகளுக்கு வாங்கும்போது பெயின்ட் குழாயின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, அவை இல்லாத நிறமாய் எடுங்கள்.

துப்புரவில் அக்கறையுள்ளவர், லோரோங் 6
கேள்வி: வேலை முடிந்த தண்ணீரை புளோக் கீழே உள்ள கால்வாயில் ஊற்றிவிடலாம்தானே? மழை வந்தால் போய்விடும்.

பதில்: போய்விடும், எங்கே போகும் என்று பாருங்கள். தோ பாயோவின் மழைநீர்க் கால்வாய்கள் காலாங் ஆற்றையும் வாம்போ ஆற்றையும் நோக்கி ஓடுகின்றன. அவை மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கின்றன. 2008இல் மரினா அணைக்கட்டு திறந்த பிறகு அது குடிநீருக்கான நீர்த்தேக்கம். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி மழைநீர் பிடிக்கும் நிலம். ஒரு தேக்கரண்டி எண்ணெய் அரை ஏக்கரை மூடும் என்று மேலே படித்தோம். அந்தக் கணக்கைக் கால்வாய் ஓரம் நிற்கும்போதும் நினைவில் வையுங்கள்.

செய்ய வேண்டியது இது. வேலை முடிந்ததும் செய்தித்தாளைத் தட்டின் மேல் விரித்து விரித்து எடுங்கள். மிதக்கும் வண்ணம் முழுவதும் தாளில் ஏறி, மேற்பரப்பு தெளிந்துவிடும். அந்தத் தாள்களை விரித்துக் காயவிட்டுக் குப்பையில் சேருங்கள். தெளிந்த தண்ணீரை வீட்டுக்குள் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். அது சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும், அங்கிருந்து ஒரு பங்கு நியூவாட்டர் என்னும் மறுசுழற்சி நீராகத் திரும்பி வரும். மீந்த டர்பன்டைனை எந்தக் குழாயிலும் ஊற்றாதீர்கள். மூடிவைத்தால் வண்டல் அடியில் படியும், தெளிந்ததை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். தொடங்குமுன் மேற்பரப்பைத் துடைப்பது தாளுக்காக. முடிந்தபின் துடைப்பது ஊருக்காக. இரண்டும் சேர்ந்ததுதான் இந்தக் கலை.

ஓய்வுபெற்ற கணக்காளர், லோரோங் 3
கேள்வி: பேரேடுகளின் பக்க ஓரங்களிலும் இந்த நிறக்கோலம் பார்த்திருக்கிறேன். அழகுக்கா?

பதில்: காவலுக்கு, ஐயா. புத்தகத்தை மூடிப் பிடித்து ஓரங்களை வண்ணத்தில் தோய்த்து எடுப்பார்கள். பிறகு எவராவது ஒரு பக்கத்தைக் கிழித்தால் ஓரத்துக் கோலத்தில் வரி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரே கோலம் இரண்டாம் முறை வராது என்பதால் அமெரிக்கக் குடியேற்றங்கள் 1775இல் அச்சடித்த 20 டாலர் நோட்டின் ஓரத்திலும் மார்பிள் பட்டை வைத்தார்கள், கள்ளநோட்டைத் தடுக்க. அந்தத் தாளுக்கு ஏற்பாடு செய்தவர் யார் தெரியுமா? கிளாப்பம் குளத்தில் எண்ணெய் விட்ட அதே பிராங்க்ளின்.

கோலம் போடும் பாட்டி, பொத்தோங் பாசிர்
கேள்வி: ஜப்பான், துருக்கி என்கிறார்கள். நமக்கு இதில் பங்கே இல்லையா?

பதில்: உண்டு, பாட்டி. ஜப்பானில் 12ஆம் நூற்றாண்டிலேயே தண்ணீரில் மிதந்த மையைத் தாளில் எடுத்து, அதன் மேல் கவிதை எழுதினார்கள். துருக்கியின் எப்ரு கலையை யுனெஸ்கோ 2014இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் தக்காணத்தில், பீஜாப்பூர்ச் சுல்தான்களின் காலத்தில், இது தாள் அலங்காரமாய் நின்றுவிடாமல் ஓவியமாகவே வளர்ந்தது. தமிழ் வீடுகளில் உருளியிலும் அண்டாவிலும் தண்ணீர் நிரப்பி, கரித்தூளையோ மெழுகையோ படலமாக்கி, அதன் மேல் கோலப்பொடி தூவும் தண்ணீர்க் கோலம் இருக்கிறது. தாளைப் படுக்கவைக்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு. கோலத்துக்கு இந்த வட்டாரமே பெயர்பெற்றது. உங்களுக்குப் பக்கத்து வாம்போ சமூக மன்றத்தில் 2003 ஆகஸ்ட் 3ஆம் தேதி விஜயலட்சுமி மோகன் முன்னின்று போட்ட 2,756 சதுர அடி ரங்கோலி கின்னஸ் சாதனையானது. தரையில் பழகிய கை தண்ணீரில் தடுமாறாது. ஒரு தட்டு வைத்துப் பாருங்கள்.

சித்த மருத்துவர் வீட்டுப் பேரன், செராங்கூன் சாலை
கேள்வி: என் தாத்தா எண்ணெய்ச் சொட்டை வைத்து நோய் சொல்வார் என்பார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: கண் ஒன்று, நோக்கம் வேறு. சித்த மருத்துவத்தில் அது நெய்க்குறி. நோயாளியின் காலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது விரியும் வடிவத்தைப் பார்ப்பார்கள். பாம்பாய் நீண்டால் வாதம், வளையமாய்ப் பரவினால் பித்தம், முத்தாய் நின்றால் கபம் என்பது மரபு. நோயறிய இன்று மருத்துவமனைக்குப் போங்கள். ஆனால் ஒரு சொட்டு எண்ணெய் விரியும் விதம் அடியில் உள்ள நீரைப் பொறுத்தது என்று கவனித்து, வடிவங்களை வகைபிரித்துவைத்த உங்கள் தாத்தாவின் மரபுக்கு மார்பிள் தட்டின் முன் நல்ல மரியாதை உண்டு.

டிராகன் ரசிகன், வயது 11, லோரோங் 6
கேள்வி: எங்கள் டிராகன் விளையாட்டு மைதானத்தை மார்பிளில் கொண்டுவர முடியுமா?

பதில்: முடியும் கண்ணு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வடிவமைப்பாளர் கோர் ஈன் கீ உருவாக்கி 1979இல் கட்டிய அந்த டிராகனுக்குப் பீஜாப்பூர் முறைதான் பொருத்தம். எலும்பும் தோலுமான குதிரையை அங்கே மார்பிள் வண்ணத்திலேயே உருவாக்கினார்கள். நிறம் படக்கூடாத இடத்தைப் பிசினால் மறைத்துத் தாளை இறக்கினால் மற்ற இடம் மட்டும் நிறம் ஏற்கும். நீ ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் டிராகன் உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வரைதாளில் ஒட்டு. ஆரஞ்சும் சிவப்பும் மிதக்கவிட்டுத் தாளை இறக்கு. காய்ந்தபின் ஒட்டியதை உரித்தால் டிராகன் உட்கார்ந்திருக்கும்.

அவசரக்காரர், காலாங் பாரு
கேள்வி: மூன்று நாளாகியும் காயவில்லை. இஸ்திரிப் பெட்டி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆயில் பெயின்ட் ஈரம் போய்க் காய்வதில்லை, ஆக்சிஜனால் இறுகுகிறது, அதற்கு நாள் வேண்டும். அதோடு நம் ஊரில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், வெயிலான பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். பிற்பகலில் தொடங்கி, காற்றோட்டமான இடத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். விரலில் ஒட்டாத நிலை வந்தபின் கனமான புத்தகங்களின் அடியில் வைத்தால் சுருட்டை நிமிரும்.

ஊருக்குப் போகிறவர், பாலஸ்டியர்
கேள்வி: தமிழ்நாட்டுப் பக்கம் போனால் நேரில் பார்க்க இடம் உண்டா?

பதில்: புதுச்சேரிக்குப் போங்கள். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் ஆலை 1959 முதல் பருத்திக் கழிவிலிருந்து தாள் செய்கிறது. மார்பிள் தாளுக்கும் பெயர்பெற்ற இடம். ஒரு தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நல்ல தாள் நிறத்தை எப்படிக் குடிக்கிறது என்பது புரியும்.

பேரனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, லோரோங் 5
கேள்வி: முதல் தாள் குழம்பிப் போயிற்று. பேரன் அழுதுவிட்டான். என்ன சொல்லித் தேற்ற?

பதில்: தேற்றுவதற்கு முன் இன்னொரு தாளைக் கையில் கொடுங்கள், பாட்டி. தட்டில் மீதம் மிதக்கும் வண்ணத்தை அந்தத் தாளால் எடுக்கச் சொல்லுங்கள். நிறம் வெளிறி, கோலம் தெளிந்து வரும். எழுத்தெழுதுவதற்கு அடர்த்தியான முதல் தாளைவிட வெளிறிய இரண்டாம் தாளே ஏற்றது. பிறந்தநாள் அட்டைக்கு அதை வைத்துக்கொள்ளட்டும். குழம்பிய முதல் தாளையும் எறிய வேண்டாம். அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதச் சொல்லுங்கள்: எந்த நிறம், எத்தனை சொட்டு டர்பன்டைன், மேற்பரப்பைத் துடைத்தானா இல்லையா. அடுத்த தட்டுக்கு முன் அவன் படிக்க வேண்டிய பாடம் அந்தப் பக்கத்தில் இருக்கும்.